எத்தனை விரல் என்பது கடைசிக் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

பிரசவ விடுதி வாசலில் காத்து நிற்கும் அம்மாமாரும் மாமிமாரும் உள்ளே போய்வருகிற எவரையும் மறித்துக் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை விரல் திறந்திருக்காம்?” “இன்னும் வாய் திறக்கல்லயாம்” என்ற பதில் வெளியே வந்ததும் ஏறாவூரிலோ திருக்கோவிலிலோ இருக்கிற வீடு முழுவதும் கலங்கிப் போகிறது. ஒருவர் ஆமணக்கெண்ணெய் தேடுகிறார், இன்னொருவர் “சீசர் பண்ணச் சொல்லுங்கோ” என்கிறார். நோவோடு படுத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் கலக்கம் தொலைபேசி வழியாகப் போய்ச் சேர்கிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதுகிறேன். திறப்பது என்பது கருப்பைக் கழுத்து செய்கிற வேலைகளில் கடைசி வேலை. அதற்கு முன் அது மெத்தென்றாக வேண்டும், பின்பக்கம் பார்த்துக் கிடப்பது முன்னுக்கு வரவேண்டும், நீளம் குறைந்து மெலிய வேண்டும். இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்து “ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்வது பிழை.

கருப்பையைக் கவிழ்த்து வைத்த குடுவை என்று எடுத்துக்கொண்டால் அதன் கீழ்க் கழுத்துத்தான் கருப்பைக் கழுத்து. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அதன் நீளம் பெரும்பாலும் 3.5 முதல் 4 சென்ரிமீற்றர். நடுவே ஒரு குழாய். பிள்ளையின் பக்கம் இருப்பது உள்வாய், யோனிப் பக்கம் இருப்பது வெளிவாய். கருப்பையின் உடல் பெரும்பாலும் தசை, சுருங்கி விரிவதற்காகவே உள்ளது. கழுத்தில் தசை குறைவு. அது கொலாஜன் என்ற புரத நார்களால் இறுகப் பின்னப்பட்டது. ஒன்பது மாதம் பிள்ளையையும் நீரையும் தாங்கி மூடி வைத்திருக்க வேண்டிய உறுப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். அதே உறுப்பு ஒரு பகலிலோ இரவிலோ 10 சென்ரிமீற்றர் அகலம் திறந்து வழி விடவும் வேண்டும். தசை இழுத்தால் மட்டும் இந்த மாற்றம் வந்துவிடாது, கழுத்தின் நார்களே முதலில் இளக வேண்டும்.

கிடுகு பின்னுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். காய்ந்த ஓலையை மடித்தால் வெடிக்கும். தண்ணீரில் ஊறப் போட்ட ஓலை சொன்னபடி வளையும். ஓலையின் நார் ஒன்றும் அறுக்கப்படவில்லை, இடையில் நீர் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். கருப்பைக் கழுத்திலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கிறது. கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டுகள் கர்ப்பகாலத்தில் மெல்ல மெல்லக் குறைகின்றன. கடைசி வாரங்களில் ஹயலூரோனன் என்ற, நீரைப் பிடித்து வைக்கும் பொருள் அங்கே கூடுகிறது, நார்களுக்கிடையே நீர் சேர்கிறது, நார்க்கட்டுகள் விலகித் தளர்கின்றன. இந்தக் கடைசிக் கட்டத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை கழுத்தை இறுக்கமாக வைத்திருந்த புரொஜெஸ்தரோன் என்ற கர்ப்பகால ஹோர்மோனின் பிடியும் தளர்ந்து விடுகிறது. மெத்தென்றாவது கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு வாரக் கர்ப்பத்திலேயே பரிசோதிக்கும் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

தொட்டுப் பார்க்கையில் எப்படி இருக்கும்? மருத்துவமாதருக்குச் சொல்லிக் கொடுக்கும் பழைய பாடம் இன்றும் சரியாகவே இருக்கிறது. பழுக்காத, அதாவது இன்னும் மெத்தென்றாகாத, கழுத்து மூக்கின் நுனி போல இருக்கும், பழுத்த கழுத்து உதடு போல இருக்கும். இப்போதே உங்கள் மூக்கு நுனியையும் உதட்டையும் தொட்டுப் பாருங்கள். மூக்கு நுனி போல இருக்கிற கழுத்தை எத்தனை நோவு வந்து இழுத்தாலும் அது இலேசில் விட்டுக்கொடுக்காது. உதடு போலானது இரண்டு மூன்று மணித்தியால நல்ல நோவுக்கே இளகிப் போகும்.

இடம் மாறுவது அடுத்தது. கடைசி மாதம் வரை கழுத்து தாயின் முதுகுப் பக்கமாகச் சரிந்து, எட்டாத இடத்தில் இருக்கும். அந்த நேரத்தில் உள்பரிசோதனை செய்தால் விரலை வெகு பின்னே கொண்டுபோக வேண்டியிருப்பதால் நோகும். “டொக்டர் முரட்டுத்தனமாகப் பார்த்தார்” என்ற முறைப்பாடுகளில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுதான். (முன்கூட்டிச் சொல்லாமல் பரிசோதிப்பதற்கு இது சாட்டு ஆகாது. ஏன் நோகும் என்று சொல்லி, மூச்சை மெதுவாக விடச் சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்ய வேண்டும்.) பேறு நெருங்க, பிள்ளையின் தலை இடுப்புக்குள் இறங்க, கழுத்து நடுவுக்கும் பிறகு முன்னுக்கும் வருகிறது.

மெலிவதைத்தான் நம்மவர்கள் அதிகம் அறியாமல் இருக்கிறார்கள். சுருக்குப்பை ஒன்றின் கழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் சாமான் அடைய அடையக் கழுத்துச் சுருக்கம் மேலே இழுபட்டுப் பையின் உடம்போடு சேர்ந்து விடுகிறது, கடைசியில் கழுத்தென்று தனியாக ஒன்று இருக்காது, ஓரம் மட்டும் மிஞ்சும். நோவு ஒவ்வொன்றிலும் கருப்பையின் மேல்பகுதித் தசை சுருங்கி, பின் முழுதாகப் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் கட்டையாகவே நின்றுகொள்கிறது. அதனால் கீழ்ப்பகுதியும் கழுத்தும் மேல்நோக்கி இழுபடுகின்றன. உள்வாயிலிருந்து தொடங்கிக் கழுத்து மேலே உறிஞ்சப்படுகிறது. இதை நூற்றுவீதத்தில் சொல்வார்கள்: பாதி நீளம் போயிருந்தால் 50 வீதம், கடதாசி போல ஓரம் மட்டும் மிஞ்சினால் 100 வீதம்.

தலைப்பிள்ளைக்காரிக்கும் இரண்டாவது மூன்றாவது பிள்ளை பெறுகிறவளுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். தலைப்பிள்ளையில் பெரும்பாலும் கழுத்து முதலில் மெலியும், பிறகு திறக்கும். ஆகவே எட்டு மணித்தியாலம் நோவு கண்டபிறகும் “ஒரு சென்ரிமீற்றர்தான்” என்று சொல்லப்படலாம். ஆனால் அந்த எட்டு மணித்தியாலத்தில் 3 சென்ரிமீற்றர் நீளக் கழுத்து கரைந்து முடிந்திருக்கும். அந்த உழைப்பை எண்ணிக்கை காட்டாது. ஏற்கெனவே பெற்றவளுக்கு மெலிவதும் திறப்பதும் சேர்ந்தே நடக்கும். அவளுடைய வெளிவாய் பேற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் திறந்தபடி கிடக்கும், அதில் ஆபத்தும் இல்லை, அவசரமும் இல்லை. “ரெண்டு விரல் திறந்திட்டுதாம்” என்று 37ஆவது வாரத்தில் கேள்விப்பட்டு, நோவே இல்லாமல் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தாய்மார்தான். அதே பெண்ணுக்கு உண்மையான நோவு பிடித்தால் மிக விரைவாக முடிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அவள் தலைப்பிள்ளைக்காரியைப் போல வீட்டில் இருந்து நேரம் பார்க்கக்கூடாது.

விரல் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரின் விரல் மற்றவரின் விரல் அல்ல. கண்ணால் பாராமல் விரல்களை விரித்து ஊகிக்கிற அளவு என்பதால், கைதேர்ந்த இருவருக்கிடையிலேயே ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். இரவு பார்த்தவர் 4 என்றும் காலையில் பார்த்தவர் 3 என்றும் சொன்னால் கழுத்து மூடிக்கொண்டது என்று அர்த்தமில்லை.

அமெரிக்க மருத்துவர் எட்வேர்ட் பிஷப் 1964இல் வெளியிட்ட புள்ளிமுறை இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு இன்றும் நல்லது. ஐந்து விடயங்களைப் பார்க்கிறது: எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, பிள்ளையின் தலை இடுப்பெலும்பின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முட்களோடு ஒப்பிட எங்கே நிற்கிறது, கழுத்து கடினமா மெத்தா, பின்னாலா முன்னாலா. முதல் மூன்றுக்கும் 0 முதல் 3 வரை, கடைசி இரண்டுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 13. இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருத்திக்கு 1 சென்ரிமீற்றர் மட்டுமே திறந்திருக்கிறது (1 புள்ளி), ஆனால் 80 வீதம் மெலிந்திருக்கிறது (3), தலை முள் மட்டத்துக்கு வந்துவிட்டது (2), மெத்தென்று இருக்கிறது (2), முன்னுக்கு வந்திருக்கிறது (2). மொத்தம் 10. மற்றவளுக்கு 3 சென்ரிமீற்றர் திறந்திருக்கிறது (2), ஆனால் கழுத்து தடிப்பாகவே உள்ளது (0), தலை முள்ளுக்கு 3 சென்ரிமீற்றர் மேலே (0), பாதி மெத்து (1), இன்னும் பின்பக்கம் (0). மொத்தம் 3. வாசலில் நிற்கிற உறவினர் இரண்டாமவளைத்தான் “கெதியாப் பெத்திடுவா” என்பார்கள். உண்மையில் முதலாமவள்தான் பேற்றுக்கு அருகில் நிற்கிறாள். புள்ளி 8 அல்லது அதற்கு மேலானால் கழுத்து தயார். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நோவு வரவைக்க மருந்து ஏற்றும் முன் கழுத்தைப் பழுக்க வைக்க வேண்டும்.

கழுத்தின் குழாயை அடைத்திருக்கும் தடித்த சளி, கழுத்து மெலியத் தொடங்கும்போது கழன்று வரும். இளஞ்சிவப்பாகவோ மண்ணிறக் கோடுகளோடோ இருக்கும், ஒரு தேக்கரண்டி அளவு. அதைக் கண்டவுடனே ஓட வேண்டியதில்லை. அன்றே நோவு வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். ஆனால் சளியே இல்லாமல் சிவந்த இரத்தம் சேலையை நனைக்கிறது என்றால் அது வேறு விடயம். நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலை. நஞ்சுக்கொடி கழுத்தை மூடிக்கொண்டு கீழே இருக்கக்கூடும், அப்படியான தாய்க்கு ஸ்கான் பார்க்காமல் எவரும் விரல் வைத்துப் பரிசோதிக்கவே கூடாது.

நோவு தொடங்கிய பிறகு உள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் 2018இல் இரண்டாகப் பிரித்துச் சொன்னது. 5 சென்ரிமீற்றர் வரை மந்த கட்டம், அதற்குப் பிறகு முழுத் திறப்பு வரை தீவிர கட்டம். மந்த கட்டத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்ற வரையறை இல்லை. சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் போகும். தீவிர கட்டம் தலைப்பிள்ளையில் வழக்கமாக 12 மணித்தியாலத்தையும், அடுத்த பிள்ளைகளில் 10 மணித்தியாலத்தையும் தாண்டாது. “மணிக்கு ஒரு சென்ரிமீற்றர்” என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும், அதை மட்டும் வைத்து நோவு மருந்து ஏற்றவோ சீசர் செய்யவோ கூடாது என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கும்போது தீவிர கட்டத்தில் 4 மணித்தியாலத்துக்கு ஒரு உள்பரிசோதனை போதும். “ஏன் ஒருவரும் வந்து பார்க்கல்ல” என்று கோபிக்கிறவர்கள் இதை அறிய வேண்டும். அடிக்கடி விரல் வைப்பது, விசேடமாக நீர்க்குடம் உடைந்த பிறகு, கிருமித்தொற்றைக் கூட்டும். பிள்ளையின் இதயத் துடிப்பை, நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கிறதா என்று, அடிக்கடி கேட்பதுதான் கட்டாயம்.

சரி, 10 சென்ரிமீற்றர் ஏன்? நாடியை நெஞ்சில் சாய்த்து வரும் பிள்ளையின் தலை கழுத்தைக் கடக்கும் விட்டம் ஏறக்குறைய 9.5 சென்ரிமீற்றர். பரிசோதிக்கும் விரலுக்குக் கழுத்தின் ஓரம் எங்குமே தட்டுப்படாவிட்டால் அதையே முழுத் திறப்பு என்கிறோம். முன்பக்கத்தில் மட்டும் ஒரு உதடு போல மிஞ்சி நிற்பதும் உண்டு. இந்த நேரத்தில்தான் “முக்கு, முக்கு” என்று சுற்றி நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். முழுதாகத் திறக்கும் முன் பலம்கொண்டு முக்கினால் தலைக்கும் எலும்புக்கும் நடுவே கழுத்து நசுங்கி வீங்கும். வீங்கிய கழுத்து தடிக்கும், திறப்பு பின்வாங்கும், சிலவேளை கிழியும். அந்த உதடு ஒதுங்கும் வரை இடப்பக்கம் சரிந்து அல்லது முழந்தாளும் கையும் ஊன்றி இருந்து, சின்னச் சின்ன மூச்சாக ஊதி விடுவது நல்லது. பிள்ளையின் முதுகு தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் தலை கழுத்தில் சரியாக அழுந்தாது, இடுப்பு நோவு கடுமையாக இருக்கும், திறப்பு மெதுவாகும். நிரம்பிய சிறுநீர்ப்பையும் தலையை இறங்க விடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்வது அதற்காகவே.

வீட்டு வைத்தியங்களில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. ஆமணக்கெண்ணெய் வேண்டாம். அது குடலைக் கலக்கி வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் தரும், அந்தக் கலக்கத்தில் கருப்பையும் ஒழுங்கில்லாமல் சுருங்கக்கூடும். பழுக்காத கழுத்துக்கு அதனால் தாயின் நீர்ச்சத்து குறைவதுதான் மிச்சம். அன்னாசி தின்றால் வாய் திறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொத்தமல்லித் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் தீங்கில்லாதவை. பொய்நோவு படுத்தாலோ, நீர் குடித்தாலோ, குளித்தாலோ ஓயும், மெய்நோவு ஓயாமல் நெருங்கி நெருங்கி வரும் என்ற பெரியவர்களின் சோதனையும் சரியானதே. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் கடைசி மாதத்தில் பேரீச்சம்பழம் கொடுக்கிறார்கள். ஜோர்தானில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், பேற்றுத் திகதிக்கு முந்திய 4 வாரமும் தினம் 6 பழம் தின்ற 69 பெண்கள் வைத்தியசாலைக்கு வந்தபோது சராசரி 3.5 சென்ரிமீற்றரும், தின்னாத 45 பெண்கள் 2 சென்ரிமீற்றரும் திறந்திருந்தார்கள். ஆய்வு சிறியது. ஆனாலும் சீனி வியாதி இல்லாத தாய்க்கு அந்தப் பழத்தால் கெடுதல் இல்லை. நடப்பதைப் பற்றியோ சந்தேகமே வேண்டாம். பல ஆய்வுகளைத் திரட்டிய 2013ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வில், நோவு காலத்தில் நிமிர்ந்தும் நடந்தும் இருந்த பெண்களுக்குத் திறக்கும் கட்டம் படுத்திருந்தவர்களை விடச் சராசரி 1 மணித்தியாலம் 22 நிமிடம் குறைந்திருந்தது. கட்டிலிலேயே கிடக்க விடாதீர்கள்.

திகதி தாண்டினாலோ, பிரஷர் அல்லது சீனி வியாதி இருந்தாலோ, நீர்க்குடம் உடைந்து நோவு வராவிட்டாலோ கழுத்தைப் பழுக்க வைக்க வேண்டி வரும். 41 வாரம் நிறைந்தும் நோவு வராத தாய்க்கு அதைச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதில் மக்கள் அதிகம் பயப்படுவது “பலூன்” வைப்பதற்கு. அது சிறுநீருக்குப் போடும் அதே மெல்லிய இறப்பர்க் குழாய். கழுத்தின் வழியே உள்வாய்க்கு மேலே கொண்டுபோய், நுனியிலுள்ள குமிழியில் 30 முதல் 80 மில்லிலீற்றர் தூய நீரை ஏற்றி, மெதுவாக இழுத்துத் தொடையில் ஒட்டி விடுவார்கள். குமிழி உள்வாயில் அழுந்த, அந்த இடத்திலேயே புரொஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. கழுத்து 3, 4 சென்ரிமீற்றர் திறந்ததும் குமிழி தானாகவே வெளியே விழும். “பலூன் விழுந்திட்டுது, இனி என்ன செய்யிறது” என்று அழுகிற தாய்மார் உண்டு. விழுவதற்காகவே வைத்தது, விழுந்தால் வேலை முடிந்தது. 12 முதல் 24 மணித்தியாலத்தில் விழாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வழியை யோசிப்பார்கள்.

புரொஸ்டாகிளாண்டின் மாத்திரை, வழக்கமாக 3 மில்லிகிராம், யோனியின் பின்பக்க மூலையில் வைக்கப்படும். 6 முதல் 8 மணித்தியாலத்துக்குப் பிறகே மறுபடி பார்ப்பார்கள். வைத்த பின் சிறிது நேரம் படுத்திருக்கச் சொல்வது மாத்திரை நழுவாமல் இருக்க. இதில் வரக்கூடிய ஆபத்து, நோவு அளவுக்கு மிஞ்சுவது. 10 நிமிடத்தில் 5 நோவுக்கு மேல் வந்தால் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் குறையும். ஆகவே மாத்திரை வைத்த பிறகு நோவைக் கவனித்துத் தாதிக்குச் சொல்வது தாயின் கடமையும்கூட. மிசோபுரொஸ்டோல் என்ற மருந்தை உலக சுகாதார நிறுவனம் இந்த வேலைக்கு 25 மைக்ரோகிராம் அளவில்தான் சொல்கிறது. கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரை பெரும்பாலும் 200 மைக்ரோகிராம், அதாவது எட்டு மடங்கு. களவாக வாங்கிக் கையால் உடைத்து வைத்துக் கருப்பை வெடித்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போவார்கள். முன்பு சீசர் செய்த பெண்ணுக்கு இந்த மருந்து அறவே கூடாது.

39ஆவது வாரத்துக்குப் பிறகு விரலால் நீர்க்குடத்தின் சவ்வைக் கழுத்தின் உள்விளிம்பிலிருந்து வட்டமாக நீவி விடுவதும் ஒரு வழி. சற்று நோகும், மறுநாள் வரை இரத்தத் துளி படும். சில பெண்களுக்கு அடுத்த இரண்டு நாளில் நோவு தொடங்கும். மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

எதைச் செய்தாலும் பழுக்காத கழுத்துக்கு நேரம் பிடிக்கும். தலைப்பிள்ளைக்காரிக்கு ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள். “நேற்று மருந்து வைச்சது, இன்றைக்கும் பெறல்ல, கைவிட்டிட்டாங்கள்” என்று வீட்டார் முடிவுகட்டக் கூடாது. அதேநேரம் தாயின் காய்ச்சல், பிள்ளையின் துடிப்பு மாற்றம், பச்சை நிற நீர் இவற்றில் ஒன்று வந்தால் சும்மா காத்திருக்கச் சொல்வது சரியல்ல, உடனே டொக்டர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், சிலவேளை சீசர்தான் உயிர் காக்கும். கழுத்து திறக்காததற்காகச் செய்யும் சீசரும் உரிய நேரம் கொடுத்த பிறகு செய்யப்பட்டால் நியாயமானதே.

இதுவரை சொன்னது நேரத்துக்கு வரவேண்டிய மாற்றம் தாமதிப்பதைப் பற்றி. நேரத்துக்கு முன்பே வருவது அதைவிடக் கவலை தருவது. 24 வாரத்துக்கு முன் யோனி வழி ஸ்கானில் கழுத்து 25 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் குறைமாதப் பேற்றுக்கு வாய்ப்பு அதிகம். இரவுக்கு 200 மில்லிகிராம் புரொஜெஸ்தரோன் வைப்பதும், முன்பே ஐந்தாம் ஆறாம் மாதத்தில் நோவில்லாமல் பிள்ளையை இழந்தவளுக்குக் கழுத்தில் தையல் போடுவதும் வழக்கம். தையல் போட்டவர்கள் ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். அதை 36, 37ஆவது வாரத்தில் வெட்ட வேண்டும். அதற்கு முன் நோவு பிடித்து வேறொரு வைத்தியசாலைக்குப் போனால் “தையல் இருக்கிறது” என்பதுதான் வாயில் வரும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். வெட்டாத தையலோடு நோவு முற்றினால் கழுத்து கிழிந்து போகும். 37 வாரத்துக்கு முன் அடிவயிறு ஒழுங்காக இறுகி இறுகி விட்டாலோ, அடியில் பாரம் இறங்கினதுபோல் இருந்தாலோ, நீர்த்தன்மையாகப் பட்டாலோ அன்றே காட்ட வேண்டும். 34 வாரத்துக்கு முன்னென்றால் பிள்ளையின் நுரையீரலுக்கான ஊசி போடுவதற்கு மணித்தியாலங்கள் முக்கியம்.

மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் மாவட்டங்களில் தூரத்தையும் மழையையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நகரத்தில் இருக்கும் தலைப்பிள்ளைக்காரி 5 நிமிடத்துக்கு ஒரு நோவு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படி ஒரு மணித்தியாலம் ஆகும் வரை வீட்டில் நடந்து திரியலாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் உள்ளூர்களில் இருப்பவர்களும், மண்டூர், அம்பிளாந்துறைத் துறைகளில் படகுப்பாதைக்காகக் காத்து நிற்க வேண்டியவர்களும், வாகரைக்கு அப்பால் உள்ளவர்களும் அவ்வளவு நேரம் எடுக்க முடியாது. வடகீழ்ப் பருவமழையில் கிரான் புலிபாய்ந்தகல் வீதியும் கிட்டங்கித் தாம்போதியும் நீரில் மூழ்குவது ஆண்டுதோறும் நடப்பது. கார்த்திகை, மார்கழியில் திகதி உள்ள, முன்பு பெற்ற பெண்ணின் கழுத்து 38ஆவது வாரத்திலேயே மெலிந்து, முன்னுக்கு வந்து, 3 சென்ரிமீற்றர் என்றால் மழை எச்சரிக்கை வந்தவுடன் ஆற்றுக்கு இக்கரையில் உள்ள உறவினர் வீட்டுக்கோ வாட்டுக்கோ வந்துவிட வேண்டும். அதே பெண்ணுக்குக் கழுத்து தடித்து நீண்டிருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். இதைத் தீர்மானிக்க “இரண்டு விரல்” என்ற ஒற்றைச் சொல் எந்த உதவியும் செய்யாது. நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும், காசு கேட்கமாட்டார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு கழுத்து கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். வெளிவாய் முன்புபோல் வட்டமாக இல்லாமல் குறுக்குக் கீற்றாகவே நிற்கும். கருப்பை கல்லுப்போல் இறுகியிருந்தும் சிவந்த இரத்தம் நிற்காமல் ஓடினால் கழுத்தில் கிழிவு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்மாரைப் பரிசோதிக்கும் என் சக உத்தியோகத்தர்களிடமும் டொக்டர்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். கிளினிக் கொப்பியில் சென்ரிமீற்றரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், மெத்தா கடினமா, எவ்வளவு மெலிந்தது, எந்தப் பக்கம், தலை எங்கே என்ற மற்ற நான்கையும் எழுதுங்கள். எழுதியதைத் தாய்க்கு வாயாலும் சொல்லுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. தாய்மாரும் பரிசோதனை முடிந்து எழும்பும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: “மிஸ், மெத்தென்று இருக்கா? மெலிஞ்சிருக்கா? முன்னுக்கு வந்திட்டா?” எத்தனை விரல் என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர்,
களுவாஞ்சிகுடி.